பல்லி விழுந்த பாயசம்

பல்லி தலையில் விழுந்தால் கலகம், தோளில் விழுந்தால் வெற்றி என்று எங்கள் வீட்டு தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். பாயசத்தில் விழுந்தால் என்ன பலன் என்று மட்டும் போடவில்லை. அந்தக் குறையைச் சினிமா தீர்த்து வைத்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊருக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகையில் அக்காவும் நானும் மணலைக் குவித்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். பால் சொம்பில் பல்லி விழுகிறது. தெரியாமல் குடித்த, கதாநாயகியின் அண்ணன்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீளமாக வசனம் பேசி, வாயில் நுரை தள்ளிச் செத்துப் போகிறார். நாங்கள் இருவரும் அக்காவின் தாவணியின் ஒரே முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அதன்பின் பல நாள் நான் தண்ணீர்ப் பானையைக்கூட எட்டிப் பார்க்காமல் குடித்ததில்லை.

அடுத்த மாதமே அக்காவைப் பெண் பார்க்கப் போளூர் பக்கத்திலிருந்து ரைஸ் மில்காரர்கள் வருவதாக ஆயிற்று. அக்காவுக்கு வேலூரில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. படிக்கத்தான் போவேன் என்று அழுது பார்த்தாள். மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரியான அப்பா வாக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அக்கா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பசித்தால் தானாகச் சாப்பிடுவாள் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அவர்கள் வரவேண்டிய அன்று மத்தியானம் ஊரை ஒட்டிய மலையிலிருந்து அனல் அடித்தது. அம்மா பால் பாயசத்தை இறக்கி வைத்து, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டு, பூ வாங்கத் தேரடிப் பக்கம் போனாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன். ஓட்டுக்கு அடியில் இரண்டு பல்லிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. அதில் ஒன்று நேராகக் குண்டானில் விழுந்தது.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். பாதி கட்டிய புடவையோடு வந்து பார்த்தாள். கரண்டியால் பல்லியை எடுத்துச் சாக்கடையில் போட்டாள்.

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லக்கா."

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு டம்ளர் பாயசத்தை மொண்டு, ஊதி ஊதிக் குடித்தாள். இன்னொரு டம்ளரும் குடித்தாள். மிச்சத்தைக் குண்டானோடு தோட்டத்து மண்ணில் கவிழ்த்தாள். என் கையைத் தன் தலைமேல் வைத்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் பட்டினி, பசி தாங்காமல் குடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கோபம்கூட வந்தது. சாப்பாட்டு ராமிதான் அவள், அதற்காக இப்படியா?

திரும்பி வந்த அம்மா, பாயசம் கை தவறிக் கொட்டிவிட்டதென்று அக்கா சொன்னதைக் கேட்டு அவள் முதுகில் ஒன்று வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். நிமிஷத்துக்கு ஒருமுறை அக்காவின் வாயோரம் பார்த்தேன். நுரை இல்லை. வசனம் எதுவும் பேச ஆரம்பிக்காததால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். சத்தியத்தை மீறினால் அவள் தலை வெடித்துவிடும். மீறாவிட்டால் விஷம் கொன்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் அக்கா சாகப் போகிறாள்.

அக்கா காபித் தட்டோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. குனிந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் தட்டை நீட்டினாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அக்கா செத்துடுவா. பல்லி விழுந்த பாயசத்தக் குடிச்சிட்டா."

தட்டு கீழே விழுந்தது. அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். யாரோ உப்புத் தண்ணீர் கரைத்தார்கள். அப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடி, பக்கத்துத் தெருக் கம்பவுண்டரை இழுத்து வந்தார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டிலிருந்த வெற்றிலையைத் தொடாமலே கிளம்பிப் போயிருந்தார்கள்.

கம்பவுண்டர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"பல்லிக்கு ஏதும்மா வெசம்? ஜாஸ்தி போனா ரெண்டு வாட்டி வாந்தி வரும், அவ்ளோதான். எல்லாம் சினிமாக்காரன் பண்ற வேலை. பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க எனக்குப் பல்லி டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். என்னைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பல்லி விழுந்தத அவ குடிக்கறதுக்கு முன்னாடி சொன்னியா, குடிச்ச பின்னாடி சொன்னியா?"

என் மேல் பழி போடப் பார்க்கிறார் என்று பட்டது. "முன்னாடியே சொல்லிட்டேம்பா. அவளேதான் எடுத்துச் சாக்கடையில போட்டா" என்றேன், பெருமையாக.

அப்பா அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் போளூருக்குப் போய், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். டிரெயினிங் ஸ்கூல் திறந்த அன்று அக்காவின் டிரங்குப் பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார். எல்லாம் நான் போட்ட கூச்சலால் நடந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல்லியில் விஷமில்லை என்பது அந்த இரண்டு டம்ளரைக் குடித்தபோது அக்காவுக்கும் தெரியாது. விஷமென்று நம்பித்தான் அவள் குடித்தாள் என்பது அப்பாவுக்கு அன்று சாயங்காலமே புரிந்துவிட்டது. நானோ அக்காவின் அன்றைய வயதைத் தாண்டும்வரை, அவள் பசியில்தான் குடித்தாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.