இனிப்புக்குள் கட்டிவைத்த புகை

அத்திப்பட்டு வந்துவிட்டதைக் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் சொன்னது. ஈரச் சாம்பல் வாடை. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் ஒரு கணத்தில் தண்டையார்பேட்டையின் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மின்கசிவில் அறை எரிந்தது. பெட்டியில் இருந்த புடவைகளை நெருப்பு தொடவில்லை, புகை தொட்டது. திரும்பத் திரும்பத் துவைத்தேன், வெயிலில் உலர்த்தினேன். மடிக்கும்போது சோப்பு மணம்தான். உடுத்திக்கொண்டு பேருந்து நெரிசலில் வேர்த்து நின்றபோது, கழுத்தருகே அந்தத் தீ மறுபடி மூச்சு விட்டது.

"ஏன் மூஞ்சியைச் சுளிக்கிற?" என்றாள் எதிரே இருந்த வசந்தி.

"சாம்பல்."

"வள்ளூர் அனல்மின் நிலையத்துக் காத்து. மீஞ்சூர் வர்றதுக்குள்ள பழகிடும்."

வசந்தி என் கல்லூரித் தோழி. பழங்கள் பழுக்கும்போது அவற்றின் உயிரணுக்களுக்குள் என்ன நடக்கிறது என்பதையே முப்பது வருடமாகத் துருவிக்கொண்டிருப்பவள். ஒயின் தயாரிக்கும் வெளிமாநிலக் கம்பெனி ஒன்று, புதுவாயல் அருகே ஒரு விவசாயி விளைவித்த திராட்சையைச் சோதித்துச் சொல்லும்படி அவளிடம் கேட்டிருந்தது. "வர்றியா?" என்றாள். ஊர் சுற்றி எழுதும், கால் ஓரிடத்தில் தரிக்காத எனக்கு அந்த ஒரு சொல் போதும். மூர்மார்க்கெட் நிலையத்தில் கவரைப்பேட்டைக்குப் பயணச்சீட்டு பத்து ரூபாய்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார். பொன்னேரி தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"திராட்சையா மேடம்? இங்கயா? எங்க ஏரியாவுல இரும்புதான் காய்க்கும்."

பெட்டியில் பாதிப்பேர் சிரித்தார்கள். நானும்தான்.

காலை எட்டு மணி, கவரைப்பேட்டை. பிப்ரவரி வெயில் அதற்குள் தோளில் கை வைத்துவிட்டது. புதுவாயலுக்கு ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். சுமார் மூன்று கிலோமீட்டர். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் ஆட்டோ ஒரு பக்கமாக விலகி நடுங்கியது.

"எங்க எறங்கணும்?"

"தானியேல் தோட்டம்," என்றாள் வசந்தி.

"ஒயினு தானியேலா!" டிரைவர் முழுதாகத் திரும்பிவிட்டார். "இன்னாம்மா, சர்ச்சுக்கா, கடைக்கா?"

"ரோட்டைப் பாருங்க அண்ணே."

"பாத்துக்கினுதாம்மா கீறேன்."

சந்திப்பைத் தாண்டிக் கிளைச்சாலையில் நுழைந்தோம். ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் தொழிற்சாலைச் சுவர்கள். இரும்புக் கம்பி உருட்டும் மில் ஒன்றின் நீண்ட சாம்பல் நிறச் சுவர் முடியும் இடத்தில் ஆட்டோ நின்றது. இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரை ஒட்டி, கல்தூண்களும் கம்பியுமாகப் பந்தல். பந்தலுக்குக் கீழே, மில்லுக்குள் இரும்பு விழும் ஒவ்வோர் ஓசைக்கும் மெல்ல அதிர்ந்தபடி, கொத்துக் கொத்தாகக் கருநீலம். நூற்றுக்கணக்கான கொத்துகள். உலைக்குப் பக்கத்தில் இப்படியொரு குளிர்ந்த நிறத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தானியேலுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இதே மில்லில் பதினைந்து வருடம் உலையருகே நின்றவர். அவருடைய அப்பா, தாத்தா எல்லோரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். குத்தகைக்கு என்றாலும், தன் பொறுப்பில் நிலம் என்று அந்தக் குடும்பத்தில் முதலில் கண்டவர் இவர்தான். மனைவி எஸ்தர் எவர்சில்வர் தம்ளர்களில் மோர் கொண்டுவந்தார்.

"நாஷ்டா துன்னுட்டீங்களா அக்கா? இட்லி கீது."

"முதல்ல வேலை, எஸ்தர்."

"திங்கள்கிழமை லாரி வரும்னு கம்பெனிக்காரு சொல்லிக்கினு கீறாரு," என்றார் தானியேல். "நீங்க சரின்னுட்டா வரும்."

"வரலைன்னா?" என்று கேட்டவள் நான்தான்.

அவர் மில் சுவரைப் பார்த்தார். எஸ்தர்தான் பதில் சொன்னார். "வரலைன்னா அந்தாண்ட போய் நிக்கணும். கிட்னியில கல்லு. அனல்ல நிக்காதன்னு டாக்டரு சொல்லிதான் மில்ல உட்டுட்டு வந்தாரு."

வசந்தி ஒரு கொத்திலிருந்து பழம் பறித்துப் பிளேடால் இரண்டாக அறுத்தாள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் நடந்ததை அவள் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கட்டம் வரை திராட்சை பச்சையாக, கல்லாக, வாயில் வைக்க முடியாத புளிப்பாக இருக்கும். அப்புறம் ஓர் உத்தரவு வருகிறது. அப்சிசிக் அமிலம் என்ற ரசாயனச் சேதி பெருகுகிறது. இலைகளிலிருந்து சர்க்கரை வந்து குவிகிறது. உறங்கிக் கிடந்த மரபணுக்கள் விழித்துத் தோலுக்கு நிறம் காய்ச்சுகின்றன. பழம் தன் புளிப்பைத் தானே எரிபொருளாக எரித்துத் தீர்க்கிறது. உயிரணுக்களின் சுவர்கள் தளர்கின்றன. கனிதல் என்ற சொல்லை இத்தனை வருடமும் மென்மைக்கே எழுதிவந்திருக்கிறேன். உள்ளே நடப்பதோ ஆட்சிக் கவிழ்ப்பு.

"இப்ப சாப்பிடு. தோலோட மெல்லு. முழுங்கிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இரு."

மென்றேன். நாவல்பழம், கூடவே ஒரு மிளகுக் காரம், தேன். கண்ணை மூடிக்கொண்டேன். விழுங்கினேன். அழகாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தபோது, அடிநாக்கிலிருந்து ஏதோ எழுந்தது. அடுப்பை அணைத்த மறுநாள் காலைச் சாம்பல். இனிப்பு இருந்த அதே இடத்தில். மோரை எடுத்துக் குடித்தேன், போகவில்லை. வசந்தியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் வந்துவிட்டிருந்தது.

"எனக்கு ஒண்ணியும் தெரியல மேடம்," என்றார் தானியேல், மூன்றாவது பழத்தை மென்றபடி. "சக்கரையாதான் கீது."

எஸ்தர் ஒன்றை மென்று, கொஞ்ச நேரம் நின்று, பந்தலுக்கு வெளியே போய்த் துப்பினார். "கரிச்சட்டி மாதிரி கீதுய்யா."

"சில பேருக்கு இது தெரியாது," என்றாள் வசந்தி தானியேலிடம். "உங்க தப்பு இல்ல. ஆனா ஒயின் ஆனதும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

நாங்கள் நால்வரும் ஒரே சமயத்தில் மில்லின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தோம். தானியேல் கழுத்து நரம்பு புடைக்க, "பதினஞ்சு வருஷம் உடம்ப துன்னான். இப்ப இதையும் துன்னுட்டானா?" என்றார்.

"சுவரோர வரிசையைப் பார்க்கலாம்," என்றாள் வசந்தி. "அங்கேதான் அதிகமா இருக்கணும்."

சுவரோர வரிசைகளில் பறித்தோம். மென்றோம். காத்திருந்தோம். சாம்பல் வரவே இல்லை. இன்னொரு கொடி, இன்னொரு கொத்து. தேன், மிளகு, அவ்வளவுதான். எஸ்தரும் தலையாட்டினார். மில்லுக்கு மிக அருகில் இருந்த பழம் சுத்தமாக இருந்தது. தள்ளியிருந்த பழத்தில் புகை.

வசந்தி மெல்லக் கேட்டாள். "தோட்டத்துல யாராவது எதையாவது கொளுத்தினாங்களா? விறகு, மட்டை, ஏதாவது?"

"ஐயோ, இல்ல மேடம். போகிக்குப் பழைய பாயைக்கூட இங்க கொளுத்த உடல நான். மூட்டம் போட்டதோட சரி."

"மூட்டமா?"

தானியேலின் முகம் மலர்ந்தது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல ஆள் கிடைத்த மலர்ச்சி. "கிறிஸ்துமஸ் முடிஞ்சி பழம் கலரே புடிக்காம பேஜாரு பண்ணிச்சு மேடம். ஒரு கொத்துல பாதி செவப்பு, பாதி பச்ச. அப்ப எஸ்தர்தான் வழி சொன்னா. இவங்க நைனா பொன்னேரில வாழைக்கா மண்டி வெச்சிருந்தாரு. வாழைத்தாருக்கு மூட்டம் போட்டா ராத்திரியில பழுக்குதுல்ல? தார்ப்பாய கட்டி, வைக்கோலும் தேங்கா மட்டையும் வெச்சி, அஞ்சாறு ராத்திரி புகை போட்டோம். கருகருன்னு வந்துச்சு பாருங்க! சுவத்தோரம் மட்டும் தார்ப்பாய் பத்தல."

மில்லுக்குள் இரும்பு விழுந்தது. பந்தல் அதிர்ந்தது. வசந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மண்ணில் குந்தி உட்கார்ந்து, அவர்கள் இருவருக்கும் சொன்னாள். வாழைக்காய் எத்திலீன் என்ற வாயுவுக்குப் பழுக்கும், புகையில் அது உண்டு. திராட்சை அந்த வாயுவுக்குக் காத்திருப்பதில்லை. இரவு வெக்கையாக இருந்தால் அதன் நிற மரபணுக்கள் சுணங்கும், குளிர்ந்தால் எழும்.

"அந்த வாரம் பனி இறங்குச்சா?"

"செம பனி அக்கா," என்றார் எஸ்தர், குரல் இறங்கி.

"சுவரோரமும் அதே மாதிரிதானே கறுத்திருக்கு? அங்கே மூட்டம் இல்லையே."

எஸ்தர் சுவரோரக் கொத்துகளைத் திரும்பிப் பார்த்தார். தினமும் பார்த்தவைதான். இப்போதுதான் பார்த்தார்.

"மட்டை, வைக்கோல் எரியற புகையில ஒரு நஞ்சு இருக்கு. பழத்துக்குள்ள போனதும் பழம் பயந்துடுது. தன்கிட்ட இருக்கற சர்க்கரையை எடுத்து அதோட கையில கட்டி உட்கார வெச்சிடுது. அதான் மோந்தா தெரியல. நம்ம எச்சில் அந்தக் கட்டை அவுக்குது. ஒயின் புளிக்கும்போதும் அவுந்துடும்."

எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தான் சொன்னேன். நான்தான்யா மட்டை அடுக்குனேன்."

"சும்மா கிட. நான் இன்னா சின்னப் புள்ளயா? நீ சொன்னா எனக்கு எங்க போச்சு புத்தி?" தானியேல் அதட்டினாலும் அவர் கை போய் எஸ்தரின் தோளில்தான் விழுந்தது.

பகல் பதினொன்று. மாதிரிக் கொத்துகளை வசந்தி குளிர்பெட்டியில் அடுக்கினாள். மூட்டம் போட்டவை தனி, சுவரோரத்தவை தனி. தானியேல் அவளைத் தள்ளி அழைத்துப் போய்ப் பேசினார். தாழ்ந்த குரல்தான், ஆனாலும் எங்களுக்குக் கேட்டது.

"மேடம், மில்லுன்னு எழுதிடுங்க. அவன்தான் தினமும் உடுறானே. நானே கெடுத்துக்கினேன்னு தெரிஞ்சா அடுத்த தபா எவன் மேடம் என்னை நம்புவான்?"

வசந்தி மறுபடி கண்ணாடியைக் கழற்றினாள். அவள் பொய் எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இருவரும் எங்களோடு புதுவாயல் சந்திப்பு வரை வந்தார்கள். டீக்கடையில் டீ பன்னிரண்டு ரூபாய். தம்ளரில் வாய் வைத்தபோதும் நாக்கில் சாம்பல். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், கூடையில், தள்ளுவண்டியில் இருந்த எத்தனை திராட்சையைக் கேள்வியே கேட்காமல் தின்றிருக்கிறேன்! ஒவ்வொன்றும் தன் இரவுகளை உடம்பில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. அது தெரியாமல் நான் பாட்டுக்கு இனிப்பு இனிப்பு என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

எஸ்தர் டீயைத் தொடவில்லை. வசந்தி பக்கம் திரும்பிக் கேட்டார். "அந்தக் கொடியிலயும் புகை தங்கிடுமாக்கா?"

"தங்காது. இந்தப் பழத்தோட போயிடும். கிளையை வெட்டிக் கவாத்து பண்ணிட்டா அடுத்த காய்ப்பு சுத்தமா வரும். மறுபடி புகை படாம இருந்தா."

"புகை பட்டுக்கினே இருக்கற எடம்னு தெரிஞ்சா கம்பெனிக்காரன் இன்னா பண்ணுவான்?"

"அந்த நிலத்துல இருந்து எப்பவுமே எடுக்கமாட்டான்."

தானியேல் தம்ளரைக் கீழே வைத்தார்.

செங்குன்றம் போகும் பேருந்து புழுதியோடு வந்து நின்றது. நடத்துநர் ஏறுங்கள் ஏறுங்கள் என்று படியைத் தட்டினார். வசந்தி குளிர்பெட்டியோடு ஏறினாள், பின்னால் நான். பேருந்து நகரத் தொடங்கியபோது எஸ்தர் கூடவே நாலு எட்டு நடந்து வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கணவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்:

"அக்கா, நாங்கதான் போட்டோம்னு எழுது. மில்லு நாளைக்கும் புகை உடும். நாங்க உடமாட்டோம்."