மஞ்சள் பையில் மகள் பெயர்

நான் துணிப்பை அச்சடிப்பவள். பெயர் ஹபீபுன்னிசா. மயிலாடுதுறையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் வீட்டில் மஞ்சள் தாம்பூலப் பை தொங்கினால் திருப்பிப் பாருங்கள். பத்தில் நாலு என் கைவேலையாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் தம்பதியின் பெயர், மறுபக்கம் நாகேஸ்வரன் அண்ணனுடைய இணையதள முகவரி. அந்த முகவரியே அவர் மகளின் பெயர்தான். ஸ்ரீரஞ்சனி, புள்ளி, காம்.

எங்கள் பக்கத்தில் லாரி, நெல் அரவை மில், டீக்கடை எல்லாவற்றுக்கும் பிள்ளை பெயரைத்தான் வைப்பார்கள். அண்ணனுடைய அப்பா காலத்தோடு நிலம் போய்விட்டது. இவர் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வரும் வெளியூர்க்காரர்களுக்கு அறை, ஐயர், சாப்பாடு, மாலை எல்லாம் ஏற்பாடு செய்து கொடுத்துப் பிழைத்தார். மகள் பத்தாவது படிக்கும்போது இணையதளம் ஆரம்பித்து அவள் பெயரையே வைத்தார். "எம் பேரு நெட்ல வருது அத்தை" என்று அது என் கடைக்கே ஓடி வந்து சொன்னது.

கொரோனாவில் கோயில் மூடியது. ஒரு வருஷம் மாலை கட்டுகிறவருக்குக்கூட வேலை இல்லை. அப்போதுதான் எவனோ ஒருவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "உங்க சைட்டுக்கு அவ்வளவு பேர் செல்போன்ல வந்துட்டு சும்மா போறாங்க சார். நாங்க விளம்பரம் போடுறோம். வர்றதுல பாதி உங்களுக்கு" என்றான். என்ன விளம்பரம் என்று இவர் கேட்டதற்கு, "என்டர்டெய்ன்மென்ட் சார்" என்றான். இவர் சினிமா என்று நினைத்துக்கொண்டார். பாஸ்வேர்டு கேட்டான், கொடுத்தார். முகவரியைத் தங்கள் பெயருக்கு மாற்றினால் சௌகரியம் என்றான், அதற்கும் கையெழுத்துப் போட்டார். கீரைக்கட்டை நாலு தரம் திருப்பிப் பார்த்து வாங்குகிற மனிதர், இதை ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

மாதா மாதம் பணம் வந்தது. கோயில் திறந்த பிறகும் வந்தது. நடுநடுவே யாராவது போனில் கூப்பிட்டுக் கண்டபடி திட்டினார்கள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் காலையில் விளக்கேற்றிய கையோடு ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். "இப்பதான் பார்த்தேன், அம்பாள் படம்தான் இருக்கு. நீங்க வேற எங்கியோ போயிருக்கீங்க" என்று பதில் சொல்வார்.

ஒரு நாள் முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வீரையன் என்ற விவசாயி பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். போன வருஷம் அண்ணன்தான் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடத்தி வைத்தவர். நான் அப்போது அண்ணன் ஆபீஸில் பைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, போட்டோ பாக்கலாம்னு எம் மருமவ பையில இருந்த பேர எம் போன்ல தட்டுச்சு. வாரா வாரம் காசு போவுது, அது போவட்டும். அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது" என்று செல்போனை நீட்டினார்.

அண்ணன் வாங்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன். துணியில்லாத பெண்கள். அவர்களுக்கு மேலே கொட்டை எழுத்தில் ஸ்ரீரஞ்சனி. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சைபர் போலீஸில் இருந்த அம்மா பொறுமையாக விளக்கினார்கள். "கம்ப்யூட்டர்ல பார்த்தா சாமி படம் வரும். செல்போன்ல திறந்தா மட்டும்தான் இது வரும். ஒரு தடவை விரல் பட்டாப் போதும், காசு போய்க்கிட்டே இருக்கும். வெட்கப்பட்டுக்கிட்டு யாரும் புகார் கொடுக்க மாட்டாங்க. அந்த வெட்கம்தான் சார் அவங்களுக்கு முதலு." பிறகு காகிதத்தைப் பார்த்தார்கள். முகவரி பெங்களூர்க்காரர்கள் பெயரில் இருந்தது. கையெழுத்து இவருடையது. பணமும் இவர் கணக்கில்தான் விழுந்திருக்கிறது. "எழுதி அனுப்புறோம். ஆனா சர்வர் வெளிநாட்டுல இருக்கு" என்றார்கள். பெங்களூர் நம்பர் அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது. புலி வாலைப் பிடித்த கதைதான். வேண்டாம் என்று இவர் எழுதிப் போட்ட பிறகும் பணம் மட்டும் தேதி தவறாமல் வந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பழைய பையைத் திருப்பிக் கேட்டார். பதிலுக்குக் கொடுக்க எழுத்தே இல்லாத பைகள் நான் தைத்துக் கொடுத்தேன். ஒரு வீட்டில் அதில் விதைநெல் இருந்தது, இன்னொரு வீட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டு. முந்நூறு பை தேறியிருக்கும். நான் அச்சடித்தது நாற்பதாயிரம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஸ்ரீரஞ்சனி அப்போது திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ஒரு நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் அந்த முகவரி எழுதியிருந்தது. யாரையும் திட்டாமல் அழித்துவிட்டுப் பாடம் நடத்தினாளாம். அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியவள்தான். அண்ணனுடைய மனைவி ஆனந்தம் அக்கா மட்டும் மகளோடு போனில் பேசுவார்கள். அண்ணன் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தை மாதம் அவருக்கே அறுபது நிறைந்தது. ஊருக்கெல்லாம் நடத்தி வைத்தவருக்குத் தன் கல்யாணத்தில் ஒரே கவலைதான். "புள்ள வருவாளா, ஹபீபு?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "வரும்ண்ணே" என்பேன். எனக்கு என்ன தெரியும்?

வந்தாள். நீலப் பட்டுப் புடவையில் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

சங்கல்பம் ஆரம்பித்தது. ஐயர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அண்ணன் திருப்பிச் சொன்னார். குடும்பத்தார் பெயரையும் சேர்த்துச் சொல்வது அந்த ஐயரின் வழக்கம். "குழந்தை பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

"ஸ்ரீரஞ்சனி, திருவோணம்" என்றார் அண்ணன்.

"அப்பா." அவள் குரலில் கோபமே இல்லை. "அந்தப் பேரு இப்ப எனக்கு இல்லப்பா. போன மாசம் கெஜட்ல மாத்திட்டேன்."

ஆனந்தம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"ஸ்ம்ருதி" என்று ஐயரிடம் சொன்னாள். "திருவோணம்தான்."

ஐயருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. புதுப் பெயரைச் சேர்த்து மந்திரத்தைச் சொல்லிவிட்டு, அண்ணன் திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தார். பிறந்த பதினோராம் நாள் அவள் காதில் மூன்று தரம் பெயர் சொன்ன வாய் அது. இரண்டு தரம் நாக்குத் தடுமாறியது. ஐயர் பிரித்துப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் தரம்தான் அண்ணன் மகளின் பெயரைச் சரியாகச் சொன்னார்.