அம்மா வாங்கிய டிராக்டரின் விலை

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதித் தரும்படி தம்பி கேட்டு இரண்டு மாதம் ஆயிற்று. உட்கார்ந்தால் பத்து வரிக்கு மேல் ஓடவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போகிறேன். டிராக்டர் நிற்கும் ஷெட்டைத் திறக்கிறேன், மூடுகிறேன், திரும்ப வருகிறேன். அம்மாவும் இப்படித்தான். தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிடுவார். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து படிப்பக்கம் போய்விடுவார். "கொஞ்ச நேரம் இரும்மா" என்றால், "இருந்து என்ன செய்யப்போறேன்?" என்பார்.

மண்டைக்காட்டுக்கு அருகே, கடல் இரைச்சல் கேட்கும் ஒரு வீட்டில், ஐந்து பெண்களில் நான்காவதாக அம்மா பிறந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். பத்தொன்பது வயதில் அப்பாவைக் கைப்பிடித்து, தோவாளைப் பக்கம் இந்த ஊருக்கு வந்தார். அப்பாவுக்கு நான்கு ஏக்கர் வயல், ஒரு ஜோடி மாடு, பதினான்கு வயதில் ஒரு தங்கை. அந்தத் தங்கைதான் எங்கள் அத்தை. அம்மாவும் அத்தையும் ஒரே பாயில் படுப்பார்களாம், ஒரே சீப்பில் தலை வாருவார்களாம். அத்தையைக் கருங்கலில் கட்டிக்கொடுத்தபோது, மணப்பெண்ணைவிட அதிகமாக அழுதது அம்மாதான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது அப்பாவுக்கு டிராக்டர் ஆசை வந்தது. அன்று டிராக்டர் என்பது கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து ஓட்டி வரும் பொருள் அல்ல. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வண்டிகள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். நம் முறை வந்தால் கடிதம் வரும். அப்பா இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். கடிதம் வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும், கால்கள் வீங்கும். மெட்ராசுக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். பிழைத்து எழவும் செய்யலாம், மேஜையிலேயே முடிந்துபோகவும் செய்யலாம், நான் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார்.

வண்டி கையில் வருவதற்கு முன்பே அந்தக் கடிதத்துக்கு ஒரு விலை இருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாத பெரிய விவசாயிகள், வண்டி விலைக்கு மேலே ஒரு தொகை கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். கூடுதலாகப் பத்தாயிரம் தருவதாகச் சொன்னார். எங்கள் உறவினர் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள்: கடிதத்தை அவருக்குக் கொடு, அந்தப் பணத்தோடு மாப்பிள்ளையை மெட்ராசுக்குக் கொண்டுபோ.

அம்மா அதைச் செய்யவில்லை. தன் பங்குக்கு வந்த தென்னந்தோப்பை விற்றார். கழுத்திலும் கையிலும் கிடந்ததை விற்றார். வண்டியை எடுத்தார்.

மதுரையிலிருந்து ஒரு டிரைவர் அதை ஓட்டி வந்தார். ஆரல்வாய்மொழிக் காற்றில் புழுதி அப்பி, சிவப்பு வண்டி செம்மண் வண்டியாக வந்து சேர்ந்தது. அவர் மூன்று நாள் தங்கி அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அப்பாவை நாற்காலியோடு தூக்கி முற்றத்தில் வைத்தார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, முதல் நாளே வைக்கோல் போரில் கொண்டு இடித்தார்.

"பிரேக்க மிதிட்டீ! வலத்த காலாக்கும் பிரேக்கு!" என்று அப்பா கத்தினார். கத்தியதில் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியபடியே சிரித்தார். அப்பா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. மூன்றாம் மாதம் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்தன்று, பந்தலில் அத்தனை பேர் இருக்க, அத்தை அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு இரும்பு வண்டிக்காக எங்க அண்ணன வித்துப்போட்டியே மைனி. இனி நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

அத்தை சொன்னபடியே ஐம்பது வருடத்துக்கு மேல் படி ஏறவில்லை.

அதன்பிறகு அந்த வண்டியின் விலை ஊரில் ஆளுக்கொன்றாக ஆனது. பதினைந்தாயிரம் என்பார் ஒருவர். இல்லை, நாற்பது என்பார் இன்னொருவர். அம்மாவைக் குறை சொல்ல நினைப்பவர்கள் விலையைக் குறைத்துச் சொன்னார்கள், இவ்வளவு சின்னத் தொகைக்கா என்று. அம்மா யாரையும் திருத்தவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

ஒரு பெண் வந்து சேற்றில் இறங்கித் தொழி உழுவதற்குத் தங்கள் வயலைக் கொடுக்க முதலில் எல்லோரும் தயங்கினார்கள். வரப்பில் வேடிக்கை பார்க்க ஆள் நின்றது. ஒரு வருடம் மழை தள்ளிப்போய், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழ வேண்டி வந்தது. அப்போதுதான் அம்மாவைத் தேடி வந்தார்கள். அதன்பிறகு கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் அம்மாவின் வண்டி ஓயவில்லை. இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினால் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். நான் படித்து ஆசிரியை ஆனதும், தம்பி மஸ்கட்டுக்குப் போனதும் அந்தச் சத்தத்தில்தான்.

இப்போது எழுதப்போவதைத்தான் இரண்டு மாதமாக எழுத முடியாமல் இருந்தேன்.

என் நிச்சயதார்த்தம் உழவு நேரத்தில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அம்மாவைக் காணவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கணுக்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். எனக்கு மானம் போயிற்று. "அப்பாவ வித்து வாங்கின வண்டிதானே, அதுகூடயே இருக்க வேண்டியதுதானே" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். "பொடவய மாத்திட்டு வாறேன்" என்று உள்ளே போனார். அன்று அங்கே இருந்தவர்கள் பலர் இந்த மலரைப் படிக்கிறீர்கள். நான் சொன்னது தவறு. அம்மா இருக்கும்போது அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் குழித்துறையிலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர், பழைய டிராக்டர்களை வாங்கிச் சீர்செய்து வைப்பதில் ஆசை உள்ளவர். எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"அம்மா, இது புதுசா எடுக்கும்போ என்ன வெல இருந்து?"

"எதுக்கு கேக்கிய?"

"எங்கிட்ட ஆறு வண்டி நிக்கு. ஒவ்வொண்ணும் அன்னைக்கு என்ன வெலன்னு எழுதி வச்சிருக்கேன். இப்பம் ஒரு புது வண்டி எட்டு லட்சம்ணா எல்லாரும் வாயப் பொளக்கான். அன்னைக்கு உள்ளதும் தெரியணும்லா?"

நான் அடுக்களையில் இருந்தேன். அம்மா சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

"இருவத்தோராயிரத்து நானூறு," என்றார் அம்மா. "கலப்பைக்கு தனியா ஆயிரத்து எண்ணூறு. மதுரையில இருந்து கொண்டு வந்த டீசலும் கூலியும் வேற. பெறகு ஒரு ஆபரேசன். அது செய்யாம விட்டது. அதையும் எழுதணும்னா எழுதிக்கிடுங்கோ."

அவர் எழுதவில்லை. நோட்டை மூடிவிட்டு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா நின்றுகொண்டே பேசினார்.

"லெட்டரு வந்த அன்னைக்கு அவருகிட்ட ஒண்ணும் ஒளிக்கல்ல. டாக்டரு சொன்னதையும் சொன்னேன், திருநவேலிக்காரன் கேட்ட வெலயையும் சொன்னேன். நீங்களே சொல்லுங்கோன்னேன். அதுக்கு அவரு, நான் மேசையில போயிட்டா ரூவாயும் போச்சு, ரெண்டு பிள்ளையள வச்சிட்டு நீ என்ன செய்வ, பொம்பள ஏரு பிடிச்சா ஊரு சம்மதிக்காது, ஆனா இது வண்டியாக்கும், இத நீ ஓட்டினா யாரு என்ன சொல்ல முடியும், எடுட்டீன்னு சொன்னாரு. கதவு சாத்தியிருந்து. வேற ஆளு கிடையாது."

குழித்துறைக்காரர் போனபின் நான் அம்மாவின் பின்னாலேயே நடந்தேன். "இத்தன வருசமா இத ஏன் எங்ககிட்ட சொல்லல்ல?"

"நீங்க யாரு வெலய கேட்டிய? அப்பாவ வித்தியான்னுல்லா கேட்டிய."

"அப்போ நீ செஞ்சது சரிதானே?" என்றேன். ஆமாம் என்ற ஒரு சொல் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

"எனக்கு எப்பிடி தெரியும்? மெட்ராசுக்கு கொண்டு போயிருந்தா ஒருவேள பொழச்சிருப்பாரு. அவரு சொன்னாருன்னு எடுத்தேன். எனக்கும் அத ஓட்டணும்னு ஆசை இருந்து. ரெண்டுல எது கூடுதல்னு இன்னைக்கும் தெரியல்ல மக்கா." சொல்லிவிட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுவாரமே கருங்கலுக்குப் போனேன். சந்தைக்குப் பின்னால் அத்தையின் வீடு. எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை முழுவதும் கேட்டார்.

"அண்ணன் எங்கிட்ட அப்பிடி ஒண்ணும் சொல்லல்ல. சாத்தின கதவுக்குள்ள நடந்ததுன்னா, யாரும் என்னவும் சொல்லலாம்."

நான் எழுந்தேன். வாசல் வரை வந்த அத்தை, "மைனி இப்பமும் நின்னுட்டுதான் சாப்பிடுகாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் அம்மா வரப்பில் விழுந்தார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தலைக்குள் இரத்தக் கசிவு. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யலாம், எண்பது தாண்டிய உடம்பு, உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். தம்பி போனில், "எவ்வளவு ஆனாலும் சாரமில்ல அக்கா, கொண்டு போ" என்று அழுதான்.

நான் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். உள்ளே போனபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. போர்வைக்குள் கால்கள் இரண்டும் அசைந்துகொண்டே இருந்தன. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"வேண்டாம். வீட்டுக்குப் போலாம்."

திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னார். நர்ஸ் வெளியே போயிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கிய தம்பி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அம்மா நெசமாவே அப்பிடி சொன்னாளா அக்கா?" என்று கேட்டான். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் டாக்டர் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அப்போது அம்மாவுக்குப் பேச்சு குறைந்திருந்தது. நான் சொன்னதுதான் சாட்சி.

அன்று மதியம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அத்தை இறங்கினார். படியில் ஒரு நிமிடம் நின்றார். பேத்தியின் தோளைப் பிடித்து ஏறி, நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"மைனி, நானாக்கும்."

அம்மா கண் திறந்து வெகுநேரம் பார்த்தார். "எப்பம் வந்த?"

"இப்பந்தான்."

"சாப்பிட்டியா?"

அம்மா கடைசியாகப் பேசியது அது. மூன்றாம் நாள் காலை அவர் உயிர் பிரிந்தது. அத்தைதான் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினார், வேறு யாரையும் விடவில்லை. பதினாறு நாளும் எங்களோடு இருந்தார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் இல்லை.

அம்மாவை வரப்பிலிருந்து தூக்கி வந்த வயல் வேலைக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரியில் உண்மையை மறைக்காமல் சொன்ன டாக்டருக்கும், இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், பதினாறு நாளும் எங்களை அடுப்பு மூட்ட விடாமல் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், செய்தி கேட்டு வந்து பின்வரிசையில் நின்றுவிட்டுப் போன குழித்துறைக்காரருக்கும், எங்கள் அத்தைக்கும் நாங்கள் இருவரும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அப்பா படுத்திருந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்கள் உங்களில் சிலர் இன்னும் இருக்கிறீர்கள். கடிதத்தைப் பற்றியோ ஆபரேஷனைப் பற்றியோ அப்பா உங்களிடம் ஏதாவது சொல்லியிருந்தால், வந்து என்னிடம் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் வரலாம், நான் வீட்டில்தான் இருப்பேன்.