இல்லை என்று சொல்லக் கூடாத விளையாட்டு

வினிப்பெக்கில் நான் போகும் வகுப்பில், முதல் நாளே ஒரு பெரியவர் வெறுங்கை இரண்டையும் குவித்து என்னிடம் நீட்டி, "கவனம், சுடும்" என்றார். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. "உங்கள் கையில் ஒன்றும் இல்லையே" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். வட்டமாக நின்றவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வேண்டுமென்றே தமாஷ் செய்ததாக நினைத்துவிட்டார்கள். ஆசிரியை ஜோன் மட்டும் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "இங்கே எதையும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒருவர் தந்தால் வாங்கிக்கொள். வாங்கி, உன் பங்குக்கு நீயும் ஒன்றைச் சேர்த்துக் கொடு."

இதற்கு இம்ப்ரோவ் என்று பெயர். எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது. மேடையில் எதிரே நிற்கிறவர் சொல்வதை வைத்து அந்த நிமிடத்திலேயே கட்டும் சிரிப்பு நாடகம். இந்த ஊரில் ஒன்பது வருடங்களை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அதிகம் வாய் திறக்காமலே ஓட்டிவிட்டேன். பேச்சு கொஞ்சம் வரட்டும் என்று கூட வேலை செய்கிறவள்தான் நூலகத்தில் வியாழக்கிழமைகளில் நடக்கும் இந்த வகுப்பில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஜோனுக்கு அறுபது வயதிருக்கும். தனியாக ஊர் ஊராகப் போய் வந்தவர். "வெளியூர் போகிறவளும் வசனம் இல்லாமல் மேடை ஏறியவள்தான். ஊர் எதைத் தருகிறதோ அதை வாங்கு. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை கேள். நீ போட்ட திட்டத்தை விட்டுவிடு" என்பார்.

கேட்கும்போதெல்லாம் எனக்குப் பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெரட்டுக் களம்தான் ஞாபகத்துக்கு வரும். விடிந்தும் விடியாமலும் அங்கே வரிசையில் நிற்பவர்களுக்கு இன்றைக்கு எந்த மலை, எத்தனை கிலோ கொழுந்து என்று சொல்வார்கள். அம்மா "சரிங்க" என்பாள். மழையில் மலை வழுக்கும் என்று தெரிந்தாலும் "சரிங்க". காய்ச்சலோடு நின்ற நாளிலும் "சரிங்க". அவளுடைய அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஒருநாள் ஜோனிடம் சொன்னேன்: "என் ஆட்கள் மூன்று தலைமுறையாக ஆமாம் என்று மட்டும் சொன்னவர்கள். எங்களுக்கு இல்லை என்று சொல்லத்தான் ஒரு வகுப்பு வேண்டும்." ஜோன் கையைத் தட்டினார். "எவ்வளவு அழகு! அப்படியென்றால் இது உன் இரத்தத்திலேயே இருக்கிறது!" அதற்கும் நான் ஆமாம் என்றேன்.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கைக்கு வரும்வரை நாட்டை விட்டு அசைய முடியவில்லை. அது வந்த மாதமே அண்ணன் ஃபோன் எடுத்தான். "அம்மாவுக்கு மறதி கூடிப்போச்சு புஷ்பா. சில நாளு என்னையே யாருன்னு கேக்குது. வந்து ஒருக்கா பாத்துட்டுப் போ." அண்ணன் கல்யாணம் கட்டவில்லை. பசறைக்கும் தோட்டத்துக்கும் த்ரீவீல் ஓட்டிக்கொண்டு அம்மாவோடு லயத்து வரிசை வீட்டிலேயே இருக்கிறான்.

போகும் வழியில் ஜோன் சொன்னது பலித்தது. கொழும்பில் நான் ஏறிய ரயில், மண்சரிவு என்று பண்டாரவளையோடு நின்றுவிட்டது. பழைய புஷ்பாவாக இருந்தால் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதிருப்பேன். அன்று, பக்கத்து இருக்கையில் வந்த சிங்கள அக்கா "வா, பஸ்ஸில் போவோம்" என்று கையைக் காட்டியதும் எழுந்து அவள் பின்னால் போனேன். பதுளை வரைக்கும் அவள் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. ஹாலிஎல தாண்டும்போது பையிலிருந்து ஒரு பட்டர்புரூட்டை எடுத்துப் பிளந்து பாதியைத் தந்தாள். நான் வினிப்பெக்கில் வாங்கிய சாக்லேட்டைக் கொடுத்தேன். இறங்கும்போது, இனி எந்த ஊருக்கும் என்னால் தனியாகப் போக முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

லயத்து வாசலில் அம்மா நின்றிருந்தாள். என் சப்பாத்தைப் பார்த்தாள், தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கம்மா, ஆபீஸ்ல இருந்தா வாறீங்க?" என்றாள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சீனி கூடப் போட்டு பிளேன்டீ ஊற்றி வந்தாள். நான் பிறந்த அந்த ஒற்றை அறைக் காம்பராவில், நான் உருண்டு படுத்த தரையில், என்னை உட்கார விடவில்லை.

"இல்லை" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாதே, வாங்கிக்கொள் என்று உள்ளே ஜோனின் குரல். முதியோர் இல்லத்திலும் மறதிக்காரர்களை மறுத்துப் பேச வேண்டாம் என்றுதான் தாதிகள் சொல்வார்கள். "ஆமாங்கம்மா, ஆபீஸ்ல இருந்துதான்" என்றேன். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"தோட்டத்துல கட்டுற புது வீட்டு லிஸ்ட்டுக்குப் பேரெழுதவா?"

"ஆமாங்கம்மா. வீட்டுல எத்தன பேரு?"

"நானும் எம் மவனும். ரெண்டே பேருதாங்க."

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கப் பழகிவிட்டேனே. "பொம்பளப் புள்ள இருக்குன்னாங்களே?" என்று கேட்டேன்.

அம்மா வாசலைப் பார்த்தாள். அண்ணன் இருக்கிறானா என்று பார்த்திருப்பாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புஷ்பா. அது செத்துப் போச்சும்மா. பெரியவன் எங்கிட்ட மறைக்கிறான். வரும் வரும்ங்கிறான். உசுரோட இருந்தா எம் புள்ள வராம இருக்குமா? அது பேர வெட்டிருங்க. செத்தவ பேர வச்சிருந்தா வீடு கெடைக்காதும்பாங்க."

"எழுதுங்கம்மா" என்றாள். பையிலிருந்து நோட்டை எடுத்தேன். மூன்று பெயரையும் எழுதி, மூன்றாவதன்மேல் கோடு போட்டேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்து, "ம்" என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தான். நோட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். என்னை வெளியே இழுத்துப் போனான். "ஒம்பது வருசமா வருவா வருவான்னு சொல்லித்தான் நான் அம்மா மனசுல ஒன்னைய உசுரோட வச்சிருந்தேன். நீ வந்து அரை மணி நேரத்துல கொன்னுட்டியேடி!"

ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். "அம்மா, நாந்தாம்மா புஷ்பா. வந்துட்டேம்மா." அவள் கையை உருவிக்கொண்டாள். பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். "ஆபீஸ் அம்மா, செத்த புள்ள பேர வச்சு வெளையாடாதீங்க" என்றாள்.

பன்னிரண்டு நாள் இருந்தேன். தினமும் ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தேன். "புஷ்பா ஒங்ககிட்ட எல்லாஞ் சொல்லியிருக்கா பாருங்க" என்று அதற்கும் கண்ணைத் துடைத்தாள். நான் சொன்ன எதையும் அவள் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். என்னை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது இனித் திரும்பாது, சாப்பாட்டைக் கவனமாகப் பாருங்கள் என்றார். அண்ணன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வரும் என்று சொன்னவன் அவன். வராமல் இருந்தவள் நான்.

போன வியாழக்கிழமை ஜோன் என்னைக் கட்டிப்பிடித்து, "பயணம் எப்படி? நாம் பழகியதெல்லாம் உதவியதா?" என்று கேட்டார். "ரொம்ப உதவியது" என்றேன். எல்லோருக்கும் ஒரு சம்பவம் சொல் என்றார். ரயில் நின்றதையும் பட்டர்புரூட்டையும் சொன்னேன். கைதட்டினார்கள். கிளம்பிய காலையைச் சொல்லவில்லை.

அன்று பசறை பஸ் லயத்துக்குக் கீழே ரோட்டில் நின்றது. அண்ணன் பெட்டியை ஏற்றினான். நான் குனிந்து அம்மாவின் காலைத் தொடப் போனேன். "ஐயோ, நீங்க போயி எங் கால்லயா!" என்று பதறிப் பின்னால் நகர்ந்தாள். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, "போயிட்டு வாங்கம்மா, எங்கள மறந்துறாதீங்க" என்று என்னைக் கும்பிட்டாள். பதிலுக்கு ஆபீஸ் அம்மாவாகத் தலையசைப்பதா, மகளாகக் கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியாமல் நின்றேன். டிரைவர் ஹார்ன் அடித்தார், ஏறிவிட்டேன். வளைவில் தேயிலை மறைக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை. பெரிய மனுசங்க கண்ணை விட்டு மறையுமுன் கையை இறக்கினால் மரியாதைக் குறைவு என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான்.