பெயருக்கான கூட்டில் ஒரு கோடு

பிறப்பொன்றை நாற்பத்திரண்டு நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்றால், படிவத்தில் பெயருக்கான கூட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டு மற்ற விவரங்களைப் பதியலாம். பெற்றோர் பிறகு விண்ணப்பித்துப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இதுதான் விதி. பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த நான், என் மேசைக்கு முன்னால் நின்ற எத்தனையோ தகப்பன்மாருக்கு இதை விளக்கியிருக்கிறேன். "அவசரமில்லைங்க, ஆறுதலா யோசிச்சு வைங்க" என்பேன். அரசாங்கம் மனிதனை ஆறுதலாக யோசிக்க விடும் இடங்கள் குறைவு. அதனால் இந்த விதியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சொந்த வீட்டுக்கு அதை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினேன்.

ஊரே வைக்கும் பெயர்களோடு எனக்குப் பழைய பகை. என் அம்மா வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். அதே மலையில் அவர் பெயரிலேயே இன்னும் இரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர்கள் பிறந்த காலத்தில் பெண் பிள்ளை என்றால் தோட்டத்து அம்மன் பெயர்தான். தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் அவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று. அம்மா மூன்று. அம்மா இறந்தபோது தோட்ட ஆபீசில் இரண்டாம் நம்பரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஆட்களின் பெயர்களை வாசித்தபோது அந்தப் பெண் முன்னால் வந்து நின்றிருக்கிறார்.

"ஏங்கையா, என் பேரை விட்டுட்டீங்க."

"நீதான் செத்துப் போயிட்டேன்னு இருக்கே."

"அப்ப நேத்து கொழுந்து எடுத்துப் போட்டது என் பேயாங்க?"

பெரட்டுக் களமே சிரித்ததாம். அவர் உயிரோடு இருப்பதை எழுத்தில் கொண்டுவர நான் நான்கு மாதம் கடிதம் எழுதினேன். அந்த நான்கு மாதமும், காகிதத்தின்படி, என் அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆகவே எனக்கு மகள் பிறந்தபோது யாருக்கும் இல்லாத பெயரொன்றைத் தேடி வைத்தேன். பழைய பாட்டொன்றில் ஒரே ஓரிடத்தில் வரும் சொல் அது. எங்கள் பகுதியில் அந்தப் பெயரில் இன்னொருவர் இல்லை. சரிபார்க்கும் வசதி என் வேலையில் இருந்தது. சரிபார்த்தேன்.

மகள் இப்போது தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியை. மருமகன் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டுகிறார். மனைவி போன பிறகு அவர்கள் நானுஓயாவில் என்னோடுதான் இருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகள் ஒரு பெயரைச் சொன்னாள். தொலைக்காட்சி நாடகமொன்றிலிருந்து அந்த வருடம் வீட்டுக்கு வீடு புகுந்திருந்த பெயர். அவள் இருந்த வார்ட்டிலேயே இரண்டு குழந்தைகளுக்கு அதை வைத்திருந்தார்கள்.

"வார்ட்டுல ஏற்கனவே ரெண்டு இருக்கேம்மா" என்றேன்.

"இருக்கட்டுமேப்பா."

"நாளைக்கு ஸ்கூல் ரெஜிஸ்டர், ஐடென்டிட்டி கார்ட், எல்லாத்துலயும் குழப்பம் வரும். ஒனக்குத் தெரியாது, நான் பாத்திருக்கேன்."

"நீங்க காகிதத்துல பாத்தீங்க. நான் அனுபவிச்சிருக்கேன். எனக்கு வச்ச பேரை நான் ஆயுசு பூரா விளக்கிக்கிட்டே இருக்கேன். ஸ்கூல்ல பேரு கூப்பிட்டுக்கிட்டே வர்ற டீச்சர் என் பேருகிட்ட வந்தா நின்னுடுவாங்க. மத்த புள்ளைங்கல்லாம் திரும்பிப் பாக்கும். இப்ப பேங்க்குக்குப் போனாலும் 'இதுக்கு என்னங்க அர்த்தம்?' எனக்கு அர்த்தம் வேணாம்பா. எல்லாரும் வைக்கிற பேரு போதும். இவளைக் கூப்பிட்டா நாலு புள்ளைங்க சேந்து திரும்பட்டும். இவ தனியா நிக்க வேணாம்."

மருமகன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல பிளேன்டியைக் குடிங்க மாமா, ஆறுது" என்றார்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு அப்போதே தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதிவைக்க வேண்டும். நியாயத்தை எதிர்க்க முடியாதபோது உத்தியோகத்தர்கள் செய்வதை நானும் செய்தேன்: விஷயத்தை ஒத்திவைத்தேன். "இப்ப கோடு போட்டுப் பதிஞ்சுக்குவோம். பேரை எப்ப வேணும்னாலும் சேக்கலாம். அதுக்கு விதி இருக்கு." அதற்குள் அவள் மனம் மாறும், நாடகம் முடியும், பெயரின் மவுசு குறையும் என்று எனக்குள் ஒரு கணக்கு. மகள் மறுத்துப் பேசவில்லை. பிள்ளை பெற்ற களைப்பு. என் பேச்சைக் கேட்டே வளர்ந்த பழக்கமும் இருந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் வீட்டுச் சடங்கில், தொட்டிலில் கிடத்திய குழந்தையின் காதில் அத்தை மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். மருமகனின் அக்கா நோட்டன் பிரிட்ஜிலிருந்து வந்திருந்தார். தொட்டில் மேல் குனிந்தவர் அப்படியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"என்னன்னு சொல்லட்டும் மாமா?"

"இப்போதைக்குப் பாப்பான்னு சொல்லும்மா."

வந்திருந்தவர்களில் ஒருவர், "கிளார்க்கையா வீட்டுப் புள்ளைக்குப் பேருகூட கெசட்டுலதான் வரும்போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை பாப்பா, பாப்பா, பாப்பா என்று சொல்லி நிமிர்ந்தார். மகள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நாற்பதாம் நாள் நானே போய்ப் பதிந்து, பத்திரத்தைக் கையோடு வாங்கி வந்தேன். பெயருக்கான கூட்டில் அழகான நேர்கோடு. என் காலத்தில் நாங்கள் அடிமட்டம் வைத்து இழுப்போம். இப்போதைய பிள்ளைகளும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்த்துச் சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

ஐம்பத்தைந்தாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. இதயத்தில் பிறவியிலேயே குறை இருந்திருக்கிறது. கண்டிக்குக் கொண்டுபோனோம். கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் மகளின் பெயரை எழுதி, பக்கத்தில் 'குழந்தை' என்று போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, குழாய்களுக்கு நடுவே கிடந்த குழந்தையைக் காட்டி, தாதி சிங்களத்தில் மகளிடம் சொன்னார்: பெயர் சொல்லிப் பேசுங்கள், அம்மாவின் குரல் கேட்டால் நல்லது. நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன். மகள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து, "பாப்பா" என்றாள். மத்தியானத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

தோட்டத்து மயானத்தில் புதைத்தோம். இறப்புப் பதிவிலும் பெயருக்கான கூட்டில் ஒரு கோடு. இம்முறை யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை.

இரண்டு மாதம் மகள் என்னோடு சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்பா. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நீங்க நின்னீங்க."

கூடையிலிருந்த கடைசித் துணியை எடுத்து உதறினாள்.

"உங்களுக்குத்தான் எல்லா வழியும் தெரியுமே. அவ பேரை அந்தப் பதிவுல போட்டுக் குடுங்க. எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

விண்ணப்பத்தை மகள் பெயரில் நானே நிரப்பிக் கொண்டுபோனேன். பதிவுப் பிரிவில் இப்போது பொறுப்பாக இருப்பவர் என்னிடம் வேலை பழகிய சிங்களப் பெண். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"சேர், இது உயிரோட இருக்கிற பிள்ளைக்குத்தானே?"

"அப்படி எங்க எழுதியிருக்கு?"

"எழுதி இல்ல சேர். செத்த பிள்ளைக்குச் செய்யலாம்னும் எழுதி இல்ல." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "எழுதி இல்லாட்டி கொழும்புக்கு எழுதிக் கேளுன்னு சேர்தானே சொல்லித் தந்தது."

நான்தான் சொல்லித் தந்தேன். கொழும்புக்கு எழுதினோம்.

முதல் நினைவூட்டல் ஆறு வாரத்தில். இரண்டாவது பதிவுத் தபாலில். மூன்றாவதைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, முந்தியவற்றின் பிரதிகளை இணைத்தேன். எந்தக் கடிதம் எந்தத் தட்டில் கிடக்கும், எந்த அதிகாரி எந்த வார்த்தையைக் கண்டால் கோப்பைத் திறப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது எனக்கு உதவவில்லை. என் வாழ்நாளில் நானே எத்தனை பேரை இப்படிக் காக்க வைத்திருப்பேன் என்ற நினைப்பு மட்டும் தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வந்து போனது.

இடையில் ஒரு நாள் மகளும் நானும் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பழக்கடைப் பக்கமிருந்து ஒரு பெண் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார். தளர்நடை நடந்துகொண்டிருந்த ஒரு குழந்தை திரும்பியது. வேறொரு தாயின் இடுப்பிலிருந்த இன்னொன்றும் திரும்பியது. என் மகளும் திரும்பினாள். பஸ் வந்து நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, "நல்ல பேருதானேப்பா" என்றாள். நான் ஆமாம் என்றேன். அந்தப் பெயரைப் பற்றி என் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

பெயர் பலருக்கு இருந்தால் ஆள் காணாமல் போய்விடுவார் என்று ஆயுசெல்லாம் நம்பியிருந்தேன். என் பேத்திக்கு அப்படிக் காணாமல் போகக்கூட ஒரு பெயர் இருக்கவில்லை.

கொழும்பிலிருந்து கடைசியில் வந்த பதில் நான்கு வரி. கேட்டுக்கொண்டபடி பெயரைச் சேர்ப்பதில் ஆட்சேபணை இல்லை; பதிவின் ஓரத்தில் குறிப்பெழுதித் தேதியிட வேண்டும். மகள் அதை வாசலில் நின்றபடியே சத்தமாக வாசித்தாள். பெயர் வந்த இடத்தில் நிற்கவில்லை, மற்ற வார்த்தைகளைப் போலவே அதையும் வாசித்துக்கொண்டு போனாள். முடித்துவிட்டு மடித்தாள்.

"பொறந்த தேதி இருக்கு. போன தேதி இருக்கு. பேரு வச்ச தேதின்னு எதைப்பா சொல்றது?"

விதிப்படி, பதிவாளர் ஓரத்தில் எழுதும் நாள்தான் அந்தத் தேதி. அதற்கு இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். நான் விதியைச் சொல்லவில்லை. தபால் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாட்காட்டியில் அன்றைக்கு என்ன இருந்ததோ அதைச் சொன்னேன்: ஆவணி மூன்று, புதன்கிழமை.