மலை உச்சியில் மேகம், லாரியில் சாப்பாடு

எனக்குப் பந்தியில் உட்கார்ந்து பழக்கமில்லை. நாலு பேர் சாப்பிடும்போது நான் நின்றுகொண்டுதான் இருப்பேன். சாம்பார் வாளி எங்கே, கடைசி இலைக்கு வடை போனதா, தண்ணீர் வைத்தார்களா என்று கால் ஒரு இடத்தில் தங்காது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லாரி கிளீனராகக் கிளம்பியவன், முப்பத்திரண்டு வயதில் சொந்த லாரிக்கு மாலை போட்டவன். உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? அன்றைக்குத் திருவண்ணாமலையில் என்னைப் போல வெறுங்கையோடு எழுந்து வந்தவன் இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தீபத்தன்று இதே கால்கள் என்னைக் கவிழ்த்துவிட்டன.

என் மாமனார் கீழ்பென்னாத்தூர்க்காரர். நெல்லும் மல்லாட்டையும் விளைகிற நிலம் உள்ளவர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் பெண் கேட்டுப் போனபோது அடுத்தவன் லாரிக்கு டிரைவராக இருந்தேன். ஊரார் எதிரில் அவர் கேட்டார்: "லாரியில தூங்கி லாரியில துன்றவன். எம் பொண்ண எங்க வெச்சிக் குடும்பம் பண்ணுவான், லாரியிலயா?"

மாமியார் பிடிவாதத்தால் கல்யாணம் நடந்தது. ஆனால் என் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னபடி பதினோரு வருஷம் நின்றார். என் மகளுக்குக் காது குத்தினபோது வந்தார், வாசலில் நின்றார், சொம்பில் தாமே கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார். மாப்பிள்ளை என்று ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. "லாரிக்காரரே"தான்.

எனக்கு ரோஷம் இருந்தது, சொல்லிக்கொள்ள லாரியும் இருந்தது. என் மனைவிக்குத்தான் ஒன்றுமில்லை. புதுப்புடவை வாங்கிக் கொடுத்தாலும் அவள் சொல்வது ஒன்றே: "எங்கப்பா எங்கையால ஒரு வேள சாப்ட்டா போதுங்க. வேற இன்னா கேட்டேன் உங்கள?"

எண்பதுகளின் தொடக்கத்தில் வேங்கிக்காலில் வீடு கட்டினேன். "காட்டுல போயி கட்றான் பாரு" என்று சிரித்தார்கள். பிற்பாடு கலெக்டர் ஆபீஸ் அங்கேதான் வந்தது. சிரித்தவர்கள் அங்கே மனை கிடைக்குமா என்று என்னிடமே வந்து கேட்டார்கள். அது கிடக்கட்டும். அந்த வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். சாப்பிடவென்று தனியாக ஒரு கூடம், வழவழவென்று சிவப்புத் தரை. ஒரே பந்தியில் இருபது பேர் உட்காரலாம். அவர் வந்து உட்காரத்தான் அதைக் கட்டினேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மாமியார் எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்தார். தீபத்தன்று காலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடாமல் விரதம் இருப்பது அவர் வழக்கம். உச்சியில் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயில் எதுவும் போடுவார். பார்க்கவில்லை என்றால் மறுநாள் பார்த்துவிட்டுத்தான். "தீபம் பாத்துட்டு எம் பொண்ணு வீட்ல விரதம் விடறேன். பாக்கலன்னா எட்டு மணி பஸ்ஸுக்கு ஊருக்குப் போறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

விடியுமுன்னே வீட்டில் அடுப்பு எரிந்தது. பூசணிக்காய் சாம்பார், அவரைக்காய் பொரியல், உளுந்து வடை, வெல்லப் பாயசம், பொரி உருண்டை. மனைவியும் விரதம், ஆகவே ருசி பார்க்க முடியாது. உப்புப் பார்க்க என் கூட்டாளி பாயைக் கூப்பிட்டாள். நானும் அவனும் ஒரே லாரியில் கிளீனராக இருந்தவர்கள், இப்போது அவன் மெக்கானிக். அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தான்.

"தங்கச்சி, சாம்பார்ல உப்பு கம்மி. வடைய இன்னொண்ணு குடுத்தாத்தான் சரியா சொல்ல முடியும்."

"நாலு வடையாச்சி பாய்."

"சந்தேகம் தீரணும்ல?"

மாமனார் மாமியாரோடு நாலு மணிக்கு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூடத்தில் உட்காரச் சொன்னேன். "மொதல்ல தீபம்" என்றார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. அரை மணி அடித்துவிட்டு நின்றது. ஆனால் மேகம் மலை மேல் உட்கார்ந்துவிட்டது. உச்சியும் இல்லை, பாதி மலையும் இல்லை.

நாங்கள் எல்லாரும் மாடியில் நின்றோம். ஆறு மணிக்கு ஊர்ப் பக்கமிருந்து அரோகரா என்ற சத்தம் எழுந்து வந்தது. வேட்டு வெடித்தது. தெருவெல்லாம் அகல்விளக்கு. மலை இருந்த இடத்தில் மட்டும் சாம்பல்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏத்திட்டாங்க. சத்தம் கேட்டாச்சு இல்ல, வாங்க."

"காதால பாக்கறதா?" என்றார் மாமனார்.

நான் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. மனைவி என்னையும் பார்க்கவில்லை, அவள் அப்பாவையும் பார்க்கவில்லை. மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி பஸ் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

"எல்லாம் லாரியில ஏறுங்க. சாப்பாட்டையும் ஏத்து. எங்க மேகம் இல்லியோ அங்க போயி பாக்கலாம்."

"ஏங்க, கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள் மனைவி.

"நின்னா மேகம் போயிடுமா? நாமதான் போகணும்."

பாய் சிரித்தான். "யோவ், மலைக்கே வழி காட்டுவியா நீ?"

குண்டான்கள் ஏறின, இலைக்கட்டு ஏறியது. பாயும் மனைவியும் மாமியாரும் என் மகளும் பின்னால் தார்ப்பாய் மேல் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாமனார் கேபினில் என் பக்கத்தில். என் லாரியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஊருக்குள் போக முடியாது, கிரிவலக் கூட்டம். வேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் விட்டேன். இறங்கிப் பார்த்தோம், இல்லை. திருப்பினேன். ஏரிக்கரையில் நிறுத்தினேன், அங்கேயும் இல்லை. பாத்திரங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போகிற ரோட்டைப் பிடித்தேன்.

"பஸ்ஸு காசு மிச்சம்" என்றார் மாமனார். "ஊர்லயே எறக்கி வுட்டுடுவீங்க போல."

"தீபம் பாக்காம எறக்க மாட்டேன் மாமா."

"மேகம் உங்க கிளீனரா, விசிலடிச்சா ஓடியாற?"

நான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து கேபினைத் தட்டினார்கள். எங்கள் தொழிலில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. இவர்கள் பத்துப் பன்னிரண்டு தட்டினார்கள். வேகமாகப் போகச் சொல்கிறார்கள் என்று இன்னும் அழுத்தினேன்.

மாமனார் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். என் தோளில் கை வைத்தார்.

"நிறுத்துங்க லாரிக்காரரே. நிறுத்துங்க."

இறங்கினேன். எங்களுக்குப் பின்னால், மேகம் விலகி, உச்சியில் தீபம் நின்று எரிந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நான் அத்தனை தூரம் ஓட்டியிருக்கிறேன். பாய் சட்டையெல்லாம் சாம்பார். "யோவ், கை வீங்கற அளவுக்குத் தட்றேன், பறக்கறியே நீ!"

மாமனார் ஈர ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டு எழுந்தார். இரண்டு பக்கமும் நெல் வயல், தண்ணீர் தேங்கி நின்றது. உட்கார இடமில்லை. வீட்டுக்குத் திரும்பிவிடலாம், கூடம் இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் லாரியின் பின்கதவைப் பிடித்து மேலே ஏறி, தார்ப்பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பசிக்குதும்மா. எல போடு."

மனைவி இலை போட்டாள். சோறு இலைக்கு வெளியே கொஞ்சம் விழுந்தது. அவர் அதையும் எடுத்து இலையில் போட்டுக்கொண்டார். முதல் வாய் சாப்பிட்டார். அவள் கரண்டியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு சரியா இருக்குது" என்றார்.

"நான் பாத்தது" என்றான் பாய்.

பிறகு எல்லாரும் உட்கார்ந்தோம். ஆறிப்போன சாம்பார், நசுங்கின வடை, பாயசத்தில் பாதி தார்ப்பாயில். மல்லாட்டை மூட்டை ஏற்றின வாசம் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. எத்தனையோ கல்யாண வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், இந்த ருசி எங்கும் கண்டதில்லை. "லாரியிலயா?" என்று அவர் அன்றைக்குக் கேட்டதைத் திருப்பிக் கேட்டுவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள். கேட்காதே என்பது போல ஒரு வடையை என் இலையில் வைத்தாள். தின்றேன்.

மாமனாரையும் மாமியாரையும் ஊரில் இறக்கிவிட்டு நாங்கள் வீட்டுக்குத் திரும்பினபோது எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றிருந்தார். "எங்க போனீங்க? நீங்க கெளம்பி கால் மணி நேரம் இருக்காது, அப்டியே தொறந்துச்சு மேகம். உங்க மாடியிலதான் நின்னு பாத்தோம்."

என் மனைவி படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே. உங்கப்பாவிடம் சொல்லாதே என்றேன். மறுநாளே சொல்லியனுப்பிவிட்டாள்.

அடுத்த வருஷத் தீபத்துக்கு அவர் கூப்பிடாமலே வந்தார், மத்தியானமே. வந்ததும் என் எதிரில் கையை நீட்டினார்.

"சாவி."

"எந்தச் சாவி மாமா?"

"லாரி சாவிதான். குடுங்க மொதல்ல."

வாங்கி வேட்டி மடிப்பில் இறுக முடிந்துகொண்டு மாடிக்குப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கும் மேகம் இருந்தது. ஆறு மணி ஆனது, ஆறேகால் ஆனது. சாவி இல்லாமல் நான் மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கீழே கூடத்தில் இருபது இலை போட்டுக் காத்திருந்தது.

"உக்காருங்க லாரிக்காரரே" என்றார் அவர், மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அது எங்க போயிடப் போவுது?"

உட்கார்ந்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.