புகழேந்தியின் வண்டியில் உயிரோடு ஒருவர்

புகழேந்திக்குப் பேசாமல் இருக்க வராது. ஒரத்தநாட்டில் மினி பஸ் ஓட்டிய காலத்தில், ஏறுகிறவர் எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போகிறார், பெண் என்ன படித்திருக்கிறது, சமையல் யாருடையது என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இறக்கிவிடுவார். பிறகு முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டார். அடுத்ததாகப் புகழேந்திக்கு ஓட்டக் கிடைத்தது அமரர் ஊர்தி. மூன்று பக்கமும் கண்ணாடி, மேலே பிளாஸ்டிக் பூ, நெற்றியில் தங்க நிறத்தில் 'சொர்க்க ரதம்' என்று எழுத்து. தொழிலில் ஒரு குறையும் இல்லை, ஏறுகிறவர் வாய் திறக்கமாட்டார் என்பதைத் தவிர. கூட வருகிறவர்களோ அழுதுகொண்டிருப்பார்கள். அவர்களிடம் போய்ச் சமையல் யாருடையது என்று கேட்க முடியாது.

அவர் மனைவி மதிவதனி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். "பிரசவத்துக்கு ஊசி போட்டுக்க வர்ற பொண்ணுங்க நம்ம வீட்டு வாசலத் தாண்டித்தான் வரணும். வண்டியக் கொண்டுபோய் ரைஸ் மில்லுக்குப் பின்னாடி நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார். புகழேந்தியும் மறுபேச்சில்லாமல் அங்கேதான் நிறுத்திவந்தார்.

பொங்கல் கழிந்து சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நாள். சாலையில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிராமத்தில் வேலையை முடித்து, வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, புகழேந்தி காலி வண்டியோடு தஞ்சாவூர் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு டி.வி.எஸ். மொபெட் போய்க்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. குறுக்கே ஓர் ஆடு வந்தது. மொபெட்காரர் ஆட்டுக்கு ஒதுங்கி நெல்லின் மேல் ஏறினார். சக்கரம் வழுக்கியது. ஆடு அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. மொபெட் ஒரு பக்கம் விழ, அவர் ஒரு பக்கம் விழுந்தார்.

புகழேந்தி வண்டியை ஓரங்கட்டி இறங்கி ஓடுவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்களே தவிர, யாரும் குனியவில்லை. நெல்லுக்குச் சொந்தக்கார அம்மாள் கையில் துடைப்பத்தோடு, "நான் ஓரமாத்தான் போட்டிருந்தேன், எல்லாரும் பாத்துக்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "தொடாதீங்கப்பா, அப்புறம் போலீஸு, கோர்ட்டுன்னு அலைய விடுவாங்க" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் பழைய கதைங்க. உதவி பண்றவங்கள இப்ப யாரும் புடிச்சு வைக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே புகழேந்தி ஆம்புலன்சுக்கு போன் செய்தார். வண்டி வேறொரு கேசுக்குப் போயிருந்தது. வர நேரமாகும் என்றார்கள். உடனே மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"தலையில அடியா? பேரு சொல்றாரா கேளுங்க."

"ஐயா, உங்க பேரு?"

"நடராசன்" என்றார் கீழே கிடந்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "காலுய்யா, காலு!"

"ரத்தம் வருதா? வரலையா? சரி. காலை ஆட்டாதீங்க. ரெண்டு பக்கமும் கட்டை வச்சு, துணியால கட்டுங்க. குடிக்க ஒண்ணும் குடுக்காதீங்க, ஆபரேசன் பண்ண வேண்டியிருக்கும்."

கட்டைக்கும் துணிக்கும் புகழேந்தி வேறெங்கும் போகவேண்டியிருக்கவில்லை. வண்டியில் பாடை கட்டியது போக மீந்த மூங்கில் தப்பைகளும், மடிப்புக் கலையாத ஒரு கோடித்துணியும் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் நடராசன் கழுத்தைத் திருப்பி வண்டியைப் பார்த்தார். தங்க எழுத்துகளை ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"யோவ், அந்தத் துணிய என் மேல போடாத!"

"புதுசுங்க. இன்னும் யாருக்கும் போத்தல."

"அதுதான்யா எனக்குப் பயம்!"

வலி வந்து அவர் வாயை அடைத்தது. அந்த நேரத்தில் புகழேந்தி காலைக் கட்டி முடித்தார். ஆனால் வண்டியில் ஏற மட்டும் நடராசன் சம்மதிக்கவில்லை. "நான் இங்கயே கெடக்கறேன். ஆம்புலன்சு வரட்டும். ஒரு டிராக்டர் வந்தாக்கூடப் போதும்."

"டிராக்டர் குலுக்குங்க. இது குலுங்காது. இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்ல."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். நெல்காரம்மாள் முன்னால் வந்து, "ஏறுங்கண்ணே. படுக்கத்தான வண்டி? ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கிட்டா ஆம்புலன்சு, அவ்வளவுதான்" என்றார். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவரே இடுப்பில் ஒரு கை கொடுத்தார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களும் வெட்கப்பட்டோ என்னவோ போனைப் பையில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நடராசனைப் பலகையில் படுக்கவைத்து, இரண்டு பேர் கூட உட்கார்ந்துகொண்டார்கள்.

வண்டி கிளம்பியதும் புகழேந்திக்கு மனசு குளிர்ந்துபோனது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பின்னால் பேசுகிற ஆள்!

"எந்த ஊருங்க? வெவசாயமா? எத்தனை மா நெலம்?"

ஊரைச் சொன்னார் நடராசன். சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. மகன் சிங்கப்பூரில். மனைவி கமலாம்பாள். மாட்டுக்கு மருந்து வாங்கக் கால்நடைக் கல்லூரிக்குப் புறப்பட்டிருந்தார். வலியை மறக்கப் பேச்சு உதவியது. கொஞ்ச தூரம் போனதும் அவரும் கேட்டார்.

"உனக்கு எந்த ஊரு?"

புகழேந்தி சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

கூட இருந்த இருவரும் வெளியே வயலைப் பார்த்தார்கள். புகழேந்தி கியரை மாற்றினார்.

"என் வண்டியில ஏறுனவங்க யாரும் இதுவரைக்கும் அதக் கேட்டதில்லைங்க" என்றார்.

 நடராசன் வண்டிக் கூரையிலிருந்த பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்தார். அப்புறம், "ஃபேனு இருந்தா போடேன்" என்றார்.

போகிற வழியெல்லாம் மரியாதைதான். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். வயலில் நின்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். வாய்க்கால் பாலத்தில் ஒரு கதிர் அறுக்கும் மெஷின் குறுக்கே நின்றதால் வண்டி டீக்கடை முன்னால் நிற்கவேண்டிவந்தது. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து கைகூப்பினார். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லிப் பழகியவர் நடராசன். படுத்தபடியே கையைக் கூப்பினார். பெரியவர் டீ கிளாசை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குள் ஓடினார். பின்வாசல் வழியாக அவர் வெளியேறும் சத்தம் கேட்டது.

"கையைக் கீழ வையுங்க. ஊருல காச்சல் கெளம்பிரும்" என்றார் புகழேந்தி.

நடராசன் கையை இறக்கிக் கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். அதுதான் தப்பாகப் போனது. அந்த நேரம் பார்த்து அவர் ஊர்க்காரர் துரைக்கண்ணு டீக்கடைப் பக்கம் வந்தார். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். மடைத் தண்ணீரில் சண்டை வந்து, பல வருஷமாக முகம் பார்ப்பதில்லை. துரைக்கண்ணு கண்ணாடிக்குள்ளே பார்த்தார். மெஷின் நகர்ந்தது. வண்டியும் போய்விட்டது.

நகரத்தின் ஓரத்தில் இருந்த எலும்பு ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்து சேர்ந்தது. வாசல் காவலாளி விசிலை ஊதி, "பின்பக்கம், பின்பக்கம்! பாடி எடுக்க வந்தா பின்பக்கம்தான் வரணும்" என்றார்.

"எடுக்க வரலண்ணே, குடுக்க வந்திருக்கேன்."

"குடுக்கவா? அதெல்லாம் இங்க வாங்க மாட்டோம்!"

"வாங்கித்தான்யா ஆகணும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. காவலாளி மறுபடி வாயில் வைத்த விசிலை எடுக்க மறந்து மூச்சு விட்டார். அது நீளமாகக் கீச்சென்றது. சத்தம் கேட்டு நர்சுகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே முறிவு, ஆபரேசன் செய்தால் சரியாகிவிடும் என்றார். கட்டிய விதத்தைப் பார்த்து, "யாரு கட்டுனா? நல்லா கட்டியிருக்காங்க" என்றும் சொன்னார். புகழேந்தி, கட்டச் சொன்னது மனைவிதான் என்று ஆரம்பித்து, மனைவி எங்கே வேலை பார்க்கிறாள், மாமனார் ஊர் எது என்பதுவரை போனார். டாக்டர் மெதுவாக நகர்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கமலாம்பாள் வந்தார். நடராசனே போனில் பேசியிருந்ததால் பதறினாலும் அழவில்லை. அவர் பின்னாலேயே ஒரு வேன் வந்து நின்றது. துரைக்கண்ணு சொன்னதை நம்பி, கமலாம்பாளிடம் ஒன்றும் கேட்காமலே பின்தொடர்ந்து வந்த ஊரே அதிலிருந்து இறங்கியது. எல்லாருக்கும் முன்னால், பெரிய ரோஜாமாலையும் அழுது வீங்கிய கண்களுமாகத் துரைக்கண்ணு. வாசலில் நின்ற சொர்க்க ரதத்தைக் கண்டதும் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு கேவினார்.

"பேசாமயே போயிட்டியேடா! அந்த மடைய நீயே வச்சுக்கடா!"

புகழேந்தி ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டு, விஷயத்தைச் சொல்லி உள்ளே அழைத்துப்போனார். கட்டிலில் நடராசன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். துரைக்கண்ணு கொஞ்ச நேரம் மாலையும் கையுமாக நின்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடப்பாவி, உயிரோட இருக்கறவன் என்னத்துக்குடா கண்ண மூடிக்கிட்டுப் போன? ஊரு பூரா என்னை அழ வச்சிட்டியே!"

"யாருடா உன்னை அழச் சொன்னா?"

"அழுகை வந்துச்சு, அழுதேன்! அதுக்கும் உங்கிட்டக் கேக்கணுமா?"

இருவரும் மூச்சு வாங்கும்வரை கத்தினார்கள். நர்ஸ் வந்து அதட்டினாள். நடராசன் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அந்த மடையப் பத்தி வெளியில சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

"அது செத்தவனுக்குச் சொன்னது. உனக்கில்ல."

மாலையைத் திரும்ப எடுத்துப்போவது நல்லதல்ல என்று யாரோ சொல்ல, அதை ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்குப் போட்டார்கள். மடைச் சண்டை இன்றும் தீரவில்லை. இப்போது பேசியே சண்டை போடுகிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நடராசன் கட்டைப் பிரித்து, கம்பூன்றி நடக்க ஆரம்பித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை புகழேந்தியையும் மதிவதனியையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கூடத்தில் இலை போட்டு, நடராசனும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கமலாம்பாள் பரிமாறினார். அந்த வீட்டில் அப்படி ஒரு பந்தி அதுவரை நடந்ததில்லை. பக்கத்து வீட்டார் ஏதோ இரவல் கேட்பதுபோல வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நடராசன் எதையும் கண்டுகொள்ளாமல், "உப்பு சரியா இருக்கா பாருங்க. எங்க வீட்டுல கொஞ்சம் கம்மியாத்தான் போடுவாங்க" என்றார். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து அவர் புகழேந்தியை நீங்க, வாங்க என்றுதான் பேசிவந்தார். அது எப்போது மாறியது என்று இருவருமே கவனித்திருக்கவில்லை.

பாயசம் வரும்போது புகழேந்தியின் போன் அடித்தது. பாபநாசம் பக்கத்தில் ஒரு சாவு, வண்டி வேண்டுமாம். புகழேந்தி இலையை மடிக்கக் கை வைத்தார்.

நடராசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "பாயசத்தக் குடிச்சிட்டுப் போங்க. ஏறப்போறவரு ஒண்ணும் அவசரப்பட மாட்டாரு."